வெனிலா இல்லாத கேக்குகள்

அக்டோபர் 6

அன்புள்ள வாண்டுவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று முதலில் எழுது.

எனக்கு மூளை பிசகிவிட்டது என்று எங்கள் கட்டடத்தில் ஒரு பேச்சு. அது தவறு. நான் கேக்கில் மிளகு போட்டேன், அவ்வளவுதான். கை தவறிக் கொட்டவில்லை. ஆறு கிராம் நிறுத்து, பொடித்து, சலித்து, தெரிந்தே போட்டேன். எதிர்வீட்டுப் பல் டாக்டரின் மனைவிக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மறுநாள் அவள் மாடிப்படியில் நின்றுகொண்டு, "பாவங்க, எது சர்க்கரை டப்பா எது மிளகு டப்பான்னுகூட அவங்களுக்குத் தெரியல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். என் டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. அவள் வீட்டு டப்பாக்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

நான் கேக் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும், தையல் பள்ளியின் மாடியில். பதினோரு பேர். மற்ற பத்துப் பேரின் வயதையும் எடுத்துச் சராசரி போட்டால் என் வயதில் பாதிகூட வராது. சொல்லிக்கொடுக்கிற பெண் முதல் நாள் என்னை 'ஆன்ட்டி' என்றாள். "நீ எனக்கு ஆசிரியை. நான் உனக்கு ஆன்ட்டியாக இருந்தால் நீ என்னை எப்படித் திட்டுவாய்?" என்று கேட்டேன். இப்போது 'மேடம்' என்கிறாள், ஆனால் திட்டுவதில்லை. வாராவாரம் புதிதாக ஒரு ருசியைச் செய்து கொண்டுவரச் சொல்கிறாள். என் மிளகுக் கேக்கைத் தின்றுவிட்டு, "துணிச்சல்தான் மேடம்" என்றாள்.

பல் டாக்டரின் மனைவியிடம் என் மகனுடைய போன் நம்பர் இருக்கிறது. போன வாரம் அவன் போன் செய்து, பேச்சோடு பேச்சாக, "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்டான். "உனக்குத் தெரியாவிட்டால் காலண்டரைப் பார்" என்றேன். அவன் வீட்டு ஹாலை ஒட்டிய அறைக்குப் புதிதாகத் திரை மாட்டியிருக்கிறானாம். எனக்குப் புரியாமல் இல்லை. உன் அத்தான் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. எனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நம்பிவிட்டால், அடுத்த மாதமே இந்த வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வான். நான் என் கதவை நானே திறந்து மூடிப் பழகியவள்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

உன் அக்கா

அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், முழங்காலைத் தவிர. அது தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது.

உன் கடிதத்தைப் படித்து ரொம்ப நேரம் சிரித்தேன். சராசரி வேறு போட்டிருக்கிறாய். வெந்நீர் தவிர எதுவும் வைக்கமாட்டேன், சமையற்காரியே போதும் என்று முப்பது வருஷம் இருந்தவள் நீ. இப்போது கேக்கா? அத்தான் இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்.

வேறு என்னென்ன செய்தாய், வரிசையாக எழுது. எனக்கும் ஆசையாக இருக்கிறது. இன்னொன்று. நீ எப்போது கடிதம் எழுதினாலும் ஜன்னல் வழியாக யார் வீட்டில் என்ன வேகிறது என்று ஒரு வரி எழுதுவாய். இந்தத் தடவை அது இல்லை. சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாண்டு

நவம்பர் 2

அன்புள்ள வாண்டுவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

கேட்டாய், எழுதுகிறேன். மிளகுக்கு அடுத்த வாரம், கசப்புச் சாக்லேட்டில் கல் உப்புத் தூவிச் செய்தேன். அதற்கடுத்த வாரம் எலுமிச்சைச் சாறு, மற்றவர்கள் போடுவதைப் போல மூன்று மடங்கு. பிறகு சர்க்கரையில்லாத காபி. பிறகு இஞ்சி. போன சனிக்கிழமை கடுகு அரைத்துப் போட்டேன். ஒரு பெண் கண்ணில் நீர் வழிய, "மேடம், இது கேக்கா தண்டனையா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் தட்டு காலியாகிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்.

இரண்டு தடவை அடி கருகிவிட்டது. மணியடிக்கும் கடிகாரம் சரியில்லை, மாற்றிவிட்டேன். நடுவில் ஒரு சனிக்கிழமை வெனிலா பாடம். அன்று தலைவலி, போகவில்லை.

ஜன்னலைப் பற்றிக் கேட்டிருந்தாய். குளிர்காற்று வருகிறதென்று சாத்தி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா

நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கேக்குகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். மிளகு உறைக்கும். உப்பு கரிக்கும். எலுமிச்சை புளிக்கும். காபி கசக்கும். இஞ்சி எரியும். கடுகு உச்சிக்கு ஏறும். எல்லாம் நாக்குக்கும் தொண்டைக்கும் தெரிகிற சங்கதி. வெனிலா எங்கே அக்கா? ஏலக்காய் எங்கே? பன்னீர் எங்கே? கேக்கைப் பற்றி ஒருத்தி இரண்டு கடிதம் எழுதியும் வெண்ணெய் வாசனை என்று ஒரு வார்த்தை வரவில்லை. கருகினது கடிகாரத்தின் தப்பு. வெனிலா அன்றைக்குத் தலைவலி.

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக நின்றவள் நான். அத்தான் இறந்த மாதம் உனக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, அதற்குப் பிறகா?

இத்துடன் மூன்று சின்னப் பாட்டில்கள் அனுப்பியிருக்கிறேன். மூடியில் நம்பர் போட்டு மெழுகு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் திறந்து, என்ன வாசனை என்று ஒரு வார்த்தை எழுது. நாக்கில் வைக்காதே. நான் நினைத்தது தப்பாக இருந்தால் உன் கையால் குட்டு வாங்கிக்கொள்கிறேன்.

நீ தனியாக காஸ் அடுப்புப் பக்கத்தில் நிற்கிறாய். எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாண்டு

நவம்பர் 30

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் பார்சல் வந்தது. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். நீ வைக்கிற பரீட்சையில் நான் உட்காரமாட்டேன். இன்னின்ன கேக்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. எனக்குப் பிடித்ததைச் செய்கிறேன்.

இங்கே மழை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் அக்கா

டிசம்பர் 7

அக்காவுக்கு,

பார்சல் கிடைத்தது. மூன்று மெழுகும் அப்படியே இருக்கின்றன. வாசனை தெரிகிறவள் கோபத்திலாவது ஒன்றைத் திறந்து மோந்து பார்த்திருப்பாள். "இந்தா, இது கிராம்பு, போதுமா?" என்று என் முகத்தில் எறிந்திருப்பாள். உன்னை எனக்குத் தெரியாதா?

நான் சுற்றி வளைக்கப்போவதில்லை. இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் நீயே உன் மகனிடம் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். நீ என்னைத் திட்டலாம். திட்டுவதற்கு நீ உயிரோடு இருக்க வேண்டும்.

வாண்டு

டிசம்பர் 12

வாண்டுவுக்கு,

மூன்று வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததை உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ அன்று சாயங்காலமே அவனுக்குப் போன் செய்தாய். இரண்டாம் நாள் அவன் ஒரு வீட்டுத் தரகரோடு வந்து நின்றான். அத்தான் இருந்ததால் தரகர் காபி குடித்துவிட்டுப் போனார். இப்போது அத்தான் இல்லை.

நீ அவனுக்கு எழுதினால், நான் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம் இது. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை.

அக்கா

டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தத் தரகர் விஷயத்தில் நான் செய்தது தப்பு. அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பயந்துபோய்ச் செய்தேன்.

சரி. உன் மகனுக்கு நான் எழுதமாட்டேன். போனும் செய்யமாட்டேன். இது வாக்கு. ஆனால் நீ இதுவரை "இல்லை" என்று ஒரு வார்த்தை எழுதவில்லை என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். காஸ் சிலிண்டரின் வால்வை ஒவ்வொரு தடவையும் மூடு. எனக்காக.

பதில் போடு. இரண்டு வரி போதும்.

வாண்டு

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மூன்று தடவை போன் செய்தேன், எடுத்தாய், "நலம், பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிட்டாய்.

உன் மகன் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். தட்டச்சு செய்த கடிதம், ஆபீஸ் காகிதத்தில். ஒரே ஒரு கேள்வி. "சித்தி, அம்மா புத்தி தெளிவா இருக்காங்களா? உங்களுக்குத்தான் தெரியும். உள்ளதைச் சொல்லுங்க." இதற்கு நான் என்ன எழுதுவது? தெளிவாக இருக்கிறாள் என்று எழுதினால், அப்படியென்றால் ஏன் கடுகுக் கேக் என்று கேட்பான். அதற்குப் பதில் சொன்னால் வாக்கு போகும். அதனால் ஒன்றும் எழுதவில்லை. கடிதம் மேஜைமேல் கிடக்கிறது. அதற்கு மேலே தினமும் ஒரு பத்திரிகையை வைத்து மறைக்கிறேன்.

மூட்டு வலிக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய்?

வாண்டு

பிப்ரவரி 10

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் என் கையில் இருக்கின்றன. பதில் போடாதது என் தவறு. மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வந்தார்கள். வருவதாகப் பத்து நாள் முன்பே சொல்லியிருந்தான். எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் உலகத்திலேயே சாதாரணமான கேக் ஒன்றைச் செய்தேன். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, வெனிலா. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நிறுத்தேன். நன்றாக எழும்பியது, நடுவில் வெடிக்கவில்லை, குத்திப் பார்த்த குச்சி சுத்தமாக வந்தது. புத்தகத்தில் இருக்கிற படம் போல இருந்தது. இதைத் தின்றுவிட்டு எவன் எனக்குப் புத்தியில்லை என்று சொல்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள் ஒரு வாய் எடுத்தாள். மெல்லவில்லை. காகிதத் துண்டை வாயருகே கொண்டுபோய், இருமுவது போல் ஏதோ செய்தாள். மகன் பாதித் துண்டைக் கடித்துவிட்டு நிறுத்தினான்.

"அம்மா, இதுல என்னம்மா போட்டே?"

"வெனிலா."

"வெனிலாவா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"அத்தை, நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?" என்றாள் அவள். மெதுவாகத்தான் கேட்டாள். அந்த மெதுவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, அவர்கள் எதிரிலேயே முழுவதும் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது, மிருதுவாக இருந்தது. இரண்டாவது துண்டையும் வெட்டினேன். "நன்றாகத்தான் வந்திருக்கிறது" என்றேன். மகன், "போதும்மா, சாப்பிடாதே" என்று தட்டை என் கையிலிருந்து வாங்கினான்.

பிறகு சமையலறைக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தான். மாவு டப்பாவோடு வந்தான்.

"இது எங்கம்மா இருந்தது?"

அத்தானின் பீரோவில். சமையலறையில் மாவில் பூச்சி வைத்ததால் போன மாதம் அங்கே மாற்றினேன். அவருடைய கம்பளிக் கோட்டுக்காக நான்கு தட்டிலும் பாச்சா உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். டப்பாவின் மூடி சற்றே நெளிந்தது, உருண்டையின் நெடி மாவில் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. வீடு பெருக்க வருகிறவள் அந்த மாவைத் திறந்திருந்தால் வாசலிலிருந்தே கத்தியிருப்பாள்.

"வாயில வைக்க முடியலம்மா. ரெண்டு துண்டு எப்படிம்மா சாப்பிட்டே?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த வார்த்தை காஸ் என்பான், அதற்கடுத்த வார்த்தை ஹாலை ஒட்டிய அறை என்பான். "எனக்குப் பிடித்திருந்தது" என்றேன். வாண்டு, நான் பொய் சொல்கிறவள் இல்லை. அதைவிடக் கெட்டிக்காரத்தனமான பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

அவன் கோபப்படவில்லை. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன தேதிம்மா?" என்று கேட்டான். சொன்னேன். நேற்றைய தலைப்புச் செய்தியையும் சேர்த்துச் சொன்னேன். தலையாட்டினான், நம்பவில்லை. இருபத்துநான்காம் தேதி ஞாபகமறதி டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறான். மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டுவதாகச் சொன்னான். நான், உன் சித்தியைக் கேள் என்றேன். அவன் சொன்னது இது:

"சித்திக்கு ஒரு மாசம் முன்னாடியே எழுதிக் கேட்டேம்மா. பதிலே போடல. அவங்க ஒரு லெட்டருக்குப் பதில் போடாம இருந்ததே கிடையாது. சொல்ல மனசு வரலன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

நீ வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாய். அவன் அதை இப்படிப் படித்திருக்கிறான். உன்மேல் குற்றமில்லை. வாயை மூடச் சொன்னவள் நான்.

இனி நீ கேட்டதற்குப் பதில். ஆம். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான். அத்தான் போய் மூன்றாவது வாரம், காய்ச்சல் விட்டு எழுந்து, அவருடைய பீரோவைத் திறந்து அந்தக் கோட்டில் முகத்தை வைத்தேன். ஒன்றும் இல்லை. வீடு பெருக்க வருகிறவளைக் கூப்பிட்டு, என்னைக் கேட்காமல் ஏன் துவைத்தாய் என்று சத்தம் போட்டேன். "நான் தொடவே இல்லைம்மா. ஐயா வாசனை அப்படியே இருக்குதே" என்றாள். அவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அவளை அன்று சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு எல்லாம் அட்டை. ஒரு நாள் மிளகு ஒன்று பல்லில் பட்டது. மூக்கில் நீர் வந்தது. இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தது. என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று தேடத்தான் வகுப்பில் சேர்ந்தேன். கேக்கில் எதைப் போட்டாலும் புதுமை என்று சொல்லிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

நான் சொன்னால் இப்போது அவன் நம்பமாட்டான். புத்தி கெட்டவள் சொல்கிற சாக்கு என்பான். டாக்டரின் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஆனால் நேற்றுப் பிடித்தானே, அதேபோல் என் கையைப் பிடித்து அந்த அறைக்குள் கூட்டிப்போவான். அது நடக்கக் கூடாது.

ஆகவே உன் வாக்கிலிருந்து உன்னை விடுவிக்கிறேன். அவனுக்கு நீ எழுத வேண்டியவை: எனக்கு வாசனை தெரிவதில்லை. எப்போதிலிருந்து, எதனால், வார்டில் இதுபோல் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாய். கேக் பட்டியலை வைத்து நீ எப்படிக் கண்டுபிடித்தாய், பாட்டில்களை நான் ஏன் திருப்பி அனுப்பினேன் என்பதையும் எழுது, எனக்கு வெட்கமில்லை. காஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றைச் செப்டம்பரிலேயே அடுப்புப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். உனக்கும் சொல்லவில்லை, சொன்னால் ஒப்புக்கொண்டது போலாகும். இன்று காலை மின்சார அடுப்புக்குச் சொல்லியனுப்பினேன். வியாழக்கிழமை வந்து காஸைக் கழற்றுவார்கள்.

என் பக்கம் சாய்த்து எழுதாதே. மூக்கு இல்லாமல் தனியாக இருப்பதில் ஆபத்து உண்டு. கெட்டுப்போன பால், கருகுகிற மின்கம்பி, எதையும் நான் அறியமாட்டேன். அதையும் எழுது. எல்லாம் தெரிந்த பிறகும் நான் அங்கே வரத்தான் வேண்டும் என்று அவன் நினைத்தால், என் எதிரில் உட்கார்ந்து சொல்லட்டும், நானும் என் பக்கத்தைச் சொல்வேன். அப்படி ஒருவேளை போவதானால், மூக்கு கெட்டவளாகப் போகிறேன். புத்தி கெட்டவளாக என்னை யாரும் அழைத்துப் போக வேண்டாம்.

தபால் அவனுக்குப் போய்ச் சேர நான்கு நாளாகும். பதினெட்டாம் தேதிக்குள் அனுப்பினால் போதும். போனில் சொல்லாதே. போனில் நீ அழுவாய், அவன் அதையும் வேறாகப் புரிந்துகொள்வான். மேஜைமேல் இருக்கிற அவன் கடிதத்தை எடுத்து, அதற்குப் பதில் எழுது.

உன் அக்கா